தம்பியை ஓராண்டு அடைத்து வைப்பதற்கு முன்

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 34 வயது. வீடுகளுக்கு வயரிங் செய்யும் வேலை. மனைவி, ஒரு பெண் குழந்தை. குடியை நிறுத்துவதற்காகத் தனியார் மறுவாழ்வு மையங்களில் இரண்டு முறை, மும்மூன்று மாதம் இருந்து வந்தார். இரண்டு முறையும் வெளியே வந்த சில வாரங்களிலேயே பழையபடி ஆகிவிட்டது. இப்போது வேறொரு மையம், "ஓராண்டு எங்களிடம் விட்டுவிடுங்கள், வண்டி அனுப்பி நாங்களே தூக்கி வந்துவிடுகிறோம்" என்கிறது. உறவினர்கள் சம்மதித்துவிட்டார்கள். சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மருந்து இருப்பதாகவும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெளிநாடுகளில் குடியை விட்டவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்களாமே, அது பலன் தருமா, நம் ஊரில் அப்படி ஏதும் உண்டா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த வண்டிக்குச் சம்மதிக்காதீர்கள். உங்கள் தம்பி உள்ளே இருந்த ஆறு மாதமும் குடிக்கவில்லை. குடித்தது வெளியே வந்த பிறகுதான். அப்படியென்றால் குறை வெளியே இருக்கிறது. உள்ளே இருக்கும் காலத்தை நான்கு மடங்கு நீட்டினாலும் அவர் திரும்பி வரப்போவது அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம், அதே கடனுக்கு. டெல்டா மாவட்டங்களில் குடிநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஆலோசகராக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். குடும்பங்கள் தங்கள் பணத்தையும் பலத்தையும் முதல் மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகின்றன. ஆள் நிலைப்பதா சறுக்குவதா என்பது தீர்மானமாகும் மாதங்கள் வரும்போது யாரிடமும் எதுவும் மிச்சமிருப்பதில்லை.

மருத்துவமனையின் பங்கு முதல் சில நாட்களுக்கு மிக முக்கியம், அதில் சமரசம் கூடாது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு மனம் குழம்பிவிடும். சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கத்தியோடு வாசலில் நிற்கிறார் என்பார்கள். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப்போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு போன்ற மருந்துகளை அளவாகக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து இதைக் கடக்க வைப்பார்கள். தயாமின் எனும் வைட்டமின் பி1 ஊசியும் அவசியம். அது இல்லாமல் மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 2025-இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 இடங்களில் போதை மீட்பு சிகிச்சை மையங்களைத் திறந்தது. அவற்றில் அருகிலுள்ளது எது என்று அங்கேயே கேளுங்கள்.

இந்தக் கட்டம் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். உடலிலிருந்து சாராயம் வெளியேறிவிடும். ஆனால் தூக்கம் சரியாக மாதங்கள் ஆகும். எரிச்சல், காரணமில்லாத சோர்வு, திடீரென்று கிளம்பும் வேட்கை எல்லாம் கூடவே வரும். இந்த நிலையில் உள்ள ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்து, "இனிமேல் ஒழுங்காக இரு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். மாலை ஆறு மணி ஆகிறது. வேலை முடிந்த கைகளுக்கும் மனதுக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை கூலி வாங்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை இருக்கிறது. கூலியைப் பங்கு போடும் மேஸ்திரி, கடை வாசலில் வைத்துத்தான் பணத்தை எடுக்கிறார். ஒரு சாவு வீடு வருகிறது, ஒரு கோயில் திருவிழா வருகிறது. "ஒரே ஒரு கட்டிங், இன்றைக்கு மட்டும்" என்று அன்போடு வற்புறுத்துகிறவர் பெரும்பாலும் சொந்த மாமனோ மைத்துனனோதான். மையத்தின் நான்கு சுவர்களுக்குள் இவற்றில் ஒன்றையும் அவர் சந்திக்கவில்லை. சந்திக்காததைச் சமாளிக்க அவர் எங்கே கற்றிருப்பார்?

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பழக்கம் ஒன்றே போதும். சபரிமலைக்கு மாலை போட்டால் குடிக்காமல் இருக்கிற எத்தனையோ பேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வருடம் முழுக்க நிறுத்த முடியாத மனிதர் ஒரு மண்டலம் எப்படி நிறுத்துகிறார்? பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பக்தியோடு சேர்ந்து அன்றாட வாழ்க்கை முழுவதும் மாறிவிடுவதைக் கவனியுங்கள். விடியற்காலையில் குளிக்கிறார். மாலையில் பஜனைக்குப் போகிறார். குருசாமி கேள்வி கேட்கிறார். வீட்டில் சமையல் மாறுகிறது. ஊரே அவரை 'சாமி' என்று அழைக்கிறது. பழைய கூட்டாளிகள்கூட அவர் முன்னால் பாட்டிலை எடுக்கக் கூசுகிறார்கள். ஒரு முழு ஊர் அந்த மனிதரைத் தாங்குகிறது. மாலையைக் கழற்றிய அன்று இவ்வளவும் ஒரே நாளில் அவரிடமிருந்து விலகிவிடுகிறது. அன்று மாலையே அவர் கடைக்குப் போனால் அவரை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்று நாங்கள் பேசுவது, இந்தத் தாங்குதலைக் கெடு வைக்காமல் நீட்டுவதைப் பற்றித்தான். ஒரு எச்சரிக்கை மட்டும்: தினமும் அதிகம் குடிப்பவர் மாலை போட்ட அன்றே ஒரேயடியாக நிறுத்தினாலும், மேலே சொன்ன வலிப்பு வரலாம். முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலை போடச் சொல்லுங்கள்.

இந்த எண்ணம் செயலான இடம் ஒன்று உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குடவாசல் அருகே மஞ்சக்குடி. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து, 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று பலரும் அறிந்தது அதைத்தான். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னை வரை வந்து தங்கிச் சிகிச்சை பெற ஒரு விவசாயக் கூலியால் முடியாது. கூலி போகும், துணைக்கு ஆள் வராது. எனவே 1989-இல், அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்திலிருந்த மஞ்சக்குடிக்குச் சிகிச்சைக் குழு கிளம்பிப் போனது. உள்ளூர் அமைப்பு இடம் கொடுத்து முன்னின்றது. சுற்றுவட்டாரக் குடிநோயாளிகளுக்கு 15 நாள் முகாம். வீட்டாருக்கும் தனியாக ஆலோசனை. முகாம் முடிந்த பின்னும் குழு திரும்பத் திரும்ப வந்து அவர்களைப் பார்த்தது. இந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994-இல் ஓர் சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகு கிராம முகாம் என்பது இந்தத் துறையில் ஒரு முறையாகவே நிலைபெற்றது.

உள்ளிருக்கும் நாட்களை எண்ணிப் பார்த்தால் உங்கள் தம்பி இருந்த ஆறு மாதத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் அந்த முகாம். பதினைந்து நாளில் அப்படி என்ன நடந்துவிடும் என்று கேட்கலாம். முகாமில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் அடுத்த தெருக்காரர். முகாம் முடிந்து இருவரும் ஒரே வழியில் வீடு திரும்புகிறார்கள்; மறுநாள் ஒரே டீக்கடையில் சந்திக்கிறார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவருக்கு அன்றே தெரிந்துவிடும். மனைவி சிகிச்சையைக் கண்ணால் பார்க்கிறார், மாமியாரும் பார்க்கிறார். வேலை கொடுப்பவருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் இந்த மனிதர் முயல்கிறார் என்பது தெரிகிறது. மையத்துக்குப் போய்வந்ததை மறைத்து, "வெளியூரில் வேலை" என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த ஆதரவில் எதுவும் கிடைக்காது. மறைத்து வைத்த சிகிச்சைக்கு ஊரில் காவலர் யாரும் இல்லை. உங்கள் தம்பியின் இரண்டு மையவாசமும் உறவினர்களிடம் எப்படிச் சொல்லப்பட்டது என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்ட வீடுகள். அமெரிக்காவில் இவற்றுள் மிகவும் ஆராயப்பட்டது 'ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்'. 1975-இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில், குடியிலிருந்து மீள்பவர்கள் தங்கியிருந்த ஓர் இல்லத்தைப் பணமில்லை என்று மூடப்போனார்கள். அங்கிருந்தவர்களில் பால் மொல்லாய் என்பவரும் அவருடைய சக வாசிகளும் தெருவில் நிற்பதற்குப் பதிலாகத் தாங்களே வாடகையைப் பகிர்ந்துகொண்டு வீட்டை எடுத்து நடத்துவது என்று முடிவு செய்தார்கள். வார்டன் கிடையாது. சமையல்காரர் கிடையாது. மருத்துவரும் கிடையாது, வேண்டுமானால் வெளியே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டை வாசிகளே வாக்கெடுத்து நடத்துகிறார்கள். வாடகையையும் செலவையும் சமமாகப் பிரித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள். குடித்தவரோ போதைப்பொருள் எடுத்தவரோ உடனே வெளியேற வேண்டும். இந்த மூன்று விதிகளுக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. பொறுப்புகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாறுகின்றன, ஆகவே யாரும் நாட்டாமையாகிவிட முடியாது. புதியவரைச் சேர்ப்பதற்கும் இருப்பவர்களின் வாக்கு வேண்டும். விதிப்படி நடந்துகொண்டு வாடகை கொடுக்கிற வரை எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். இன்று இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன.

பலன் தருமா என்று கேட்டீர்கள். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனார்டு ஜேசன் குழுவினர், சிகிச்சை முடித்த 150 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை இந்த வீடுகளுக்கும் மீதிப் பேரை வழக்கமான பிந்தைய பராமரிப்புக்கும் அனுப்பினார்கள். யார் எங்கே என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான முறையில் விடப்பட்டவர்களில் 65 விழுக்காட்டினர் குடியையோ போதையையோ தொட்டிருந்தார்கள். வீடுகளுக்குப் போனவர்களில் 31 விழுக்காடு. வேலையில் இருந்தவர்கள் வழக்கமான முறையில் 49 விழுக்காடு, வீடுகளுக்குப் போனவர்களில் 76 விழுக்காடு. 2006-இல் வெளியான இந்த ஆய்வு என்னை யோசிக்க வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த வீடுகளில் சிகிச்சை என்று எதுவுமே நடப்பதில்லை. பாத்திரம் கழுவும் முறை, மின்கட்டணப் பங்கு, வாரக் கூட்டம், பக்கத்து அறையில் தூங்காமல் புரளும் இன்னொரு மனிதர், இவ்வளவுதான். கூடவே, வீட்டை நடத்தும் பொறுப்பில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. குடிநோயாளியைக் குடும்பம் குழந்தையாகவோ குற்றவாளியாகவோ நடத்திப் பழகிவிடுகிறது. அங்கே ஒரு வாலிபர் வந்து மூன்றாம் மாதத்தில் கணக்குப் புத்தகத்தைக் கையில் வாங்கிவிடலாம். நாம் யாரும் நம் வீட்டுக் குடிகாரனிடம் கணக்கு நோட்டைக் கொடுத்ததே இல்லை.

அண்டை வீட்டார் எதிர்ப்பு அங்கேயும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகர நிர்வாகம், உறவினரல்லாதோர் ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் இருக்கக்கூடாது என்ற விதியைக் காட்டி ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸை எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995-இல் வீட்டுக்குச் சாதகமாக முடிந்தது. மோசடியும் உண்டு. அரிசோனா மாநிலத்தில் 2023-இல் பெரிய முறைகேடு வெளியானது. பூர்வகுடி மக்களை ஆசைகாட்டி அழைத்து வந்து 'மீட்பு இல்லம்' என்ற பெயரில் வீடுகளில் தங்க வைத்துவிட்டு, கொடுக்காத சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டிலிருந்து பணம் கறந்திருந்தார்கள். ஆகவே வீடு என்ற பெயர் மட்டும் பாதுகாப்பு ஆகாது. ஆக்ஸ்ஃபோர்டு வீட்டில் பணத்தை வசூலிப்பவரும் அங்கே தூங்குகிறவரும் ஒருவரே. அரிசோனாவில் வெவ்வேறு ஆட்கள். எந்த இல்லத்தையும் இந்த ஒரு கேள்வியால் அளந்துவிடலாம்.

குடும்பத்தை விட்டு விலகி வாழ்வது நமக்கு ஒத்துவருமா என்று தயங்குவீர்கள். குடும்பத்தோடே செய்கிற முறையும் இருக்கிறது. 1964-இல், இன்றைய குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் விளாதிமிர் ஹுதோலின் என்ற மனநல மருத்துவர் தொடங்கிய கழகங்களில், குடியை விட்டவர் மனைவி மக்களோடு வாரம் ஒருமுறை வந்து மற்றக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவார். குடும்பங்கள் பன்னிரண்டைத் தாண்டினால் கழகம் இரண்டாகப் பிரியும். பின்னர் இத்தாலியில் இது நன்றாகப் பரவியது. நம் ஊர் மனநிலைக்கு இது ஆக்ஸ்ஃபோர்டு வீட்டைவிட அருகில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இங்கே என்ன இருக்கிறது? அமெரிக்காவைப் போல வாசிகளே நடத்தும் வீடுகள் நம்மிடம் அமைப்பாக வளரவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, இடைநிலை இல்லங்களும் ஆதரவுடன் தங்கும் இடங்களும் அரசு தர வேண்டிய சேவைகள் என்கிறது. அதே சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆக உரிமை எழுத்தில் இருக்கிறது, இடங்கள் போதவில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் உண்டு. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் அருகிலுள்ளதைச் சொல்வார்கள். தேவையின் அளவை 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிப் பெற்றவர் 180-இல் ஒருவர். இத்தனை பேருக்குக் கட்டில் போட எந்த அரசாலும் முடியாது. மஞ்சக்குடி போன்ற வழிதான் நடைமுறைக்கு ஏற்றது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஆகவே வெளிநாட்டு வீட்டின் உட்பொருளை உங்கள் தம்பிக்கு நீங்களே சேர்த்துத் தர வேண்டியிருக்கும். முதலில் ஏ.ஏ. என்று சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள், அதாவது குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் ஒன்றுகூடி ஒருவரையொருவர் தாங்கும் கூட்டங்கள். கட்டணமில்லை, பெயரும் ஊரும் கேட்பதில்லை, தமிழிலேயே நடக்கின்றன. முதல் மூன்று மாதம் முடிந்தவரை தினமும் போகட்டும். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் என்று பஸ் ஏறினாலும் பரவாயில்லை. அந்த மாலை நேரம் கழிவதே பாதி வெற்றி. அங்கே ஐந்தாறு ஆண்டு குடிக்காமல் இருக்கும் ஒருவரைத் தனக்கு வழிகாட்டியாகக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரவு பதினொரு மணிக்கு வேட்கை வரும்போது அவர் அழைக்க வேண்டியது அக்காவையோ மனைவியையோ அல்ல, அந்த மனிதரை. குடிக்கத் துடிக்கும் கணத்தில் உறவினர் சொல்லும் புத்திமதி எரிச்சலைத்தான் கிளப்பும்.

வீட்டுக்கு வராமல் சில மாதம் வெளியே தங்குவது நல்லது என்று மருத்துவர் கருதினால், அதையும் பரிசீலியுங்கள். குடியை விட்டவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கி, வேலைக்குப் போய்க்கொண்டு, மாலையில் ஒன்றாகக் கூட்டத்துக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை. வயரிங் வேலை தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் பிழைப்பு உண்டு. ஆனால் விதிகளை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்: யார் எவ்வளவு தருவது, சமையல் முறை என்ன, எத்தனை மணிக்குள் வருவது, யாராவது குடித்தால் என்ன செய்வது. கடைசி விதியில் ஒன்றைச் சேருங்கள். குடித்தவர் அறையை விட்டு வெளியேற வேண்டும், ஆனால் தெருவுக்கு அல்ல. அன்றே எந்த மருத்துவமனைக்கு, யார் அழைத்துப்போவது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போய்ப் பிறகு தெரிந்தால் மூவரும் ஒரே நாளில் நடுத்தெருவில் நிற்பார்கள்.

இப்போது அந்த ஓராண்டு மையம். மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்று உங்கள் உறவினர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தானாக வந்து சேர்ந்தவர், போகிறேன் என்றால் போக விட வேண்டும். மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை மட்டுமே நிறுத்தி வைக்கலாம். விருப்பமில்லாதவரைச் சேர்ப்பதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை போன்ற காரணம் இருக்க வேண்டும். அதுவும் முதலில் 30 நாளுக்கு மேல் கூடாது. மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சங்கிலியால் கட்டுவது முற்றிலும் தடை. கட்டாயமாக மொட்டை அடிப்பது, கூலி தராமல் வேலை வாங்குவது, சொந்த உடையை மறுப்பது, எல்லாமே சட்ட மீறல். குடும்பத்தோடு தொலைபேசியில் பேசவும் பார்வையாளரைச் சந்திக்கவும் உள்ளே இருப்பவருக்கு உரிமை உண்டு. "ஒரு மாதம் பேசக்கூடாது, அது சிகிச்சையின் பகுதி" என்று சொல்லும் இடத்தில் நான் ஒரு நாளும் யாரையும் விடமாட்டேன். மறுவாழ்வு மையங்களில் அடித்தே கொல்லப்பட்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு அம்மாவோ அக்காவோ நல்லெண்ணத்தோடுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்.

எந்த இடமானாலும் நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாட்களில் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். அங்கிருப்பவர்கள் சிலரோடு ஊழியர் இல்லாமல் பேச அனுமதி கேளுங்கள். பிறகு, டிஸ்சார்ஜ் ஆன பின் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "எப்போது வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள்" என்பது பதிலே அல்ல. எந்தத் தேதியில் முதல் தொடர் சந்திப்பு, வராவிட்டால் யார் போன் செய்வார்கள், குடும்பத்தோடு எத்தனை அமர்வுகள் என்று சொல்லத் தெரிந்த இடமே நல்ல இடம்.

சாப்பாட்டில் கலக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். அப்படி விற்கப்படுவது பலசமயம் டைசல்பிராம்தான். அது உடலில் இருக்கும்போது குடித்தால் சாராயம் முழுமையாகச் சிதையாமல் நச்சாகத் தேங்கி, முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து, சம்மதித்து, மனைவி கையால் தினமும் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அதே மருந்து நல்ல துணை. தெரியாமல் கொடுத்தால் அது விஷம் வைப்பதற்குச் சமம். பிடிபட்ட அன்று அவர் வீட்டுச் சோற்றை நம்புவதையே விட்டுவிடுவார். வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை இருக்கின்றன. கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி உள்ளன என்று பார்த்து மருத்துவர் எழுதிக் கொடுப்பார். முந்தைய இரண்டு மையங்களிலும் இவற்றைப் பற்றி யாராவது பேசினார்களா என்று தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலர் வீட்டில் குடியல்லாமல் ஹெராயினோ, இளைஞர்கள் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் வலி மாத்திரைகளோ இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சில வாரம் நிறுத்தியிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. மையத்திலிருந்து வந்த முதல் நாட்களில் பழைய அளவையே எடுத்து மூச்சு நின்று இறப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தை நீண்ட காலம் தொடர்வதே உயிர்காப்பு. "மருந்தையும் விட்டால்தான் மீண்டதாக அர்த்தம்" என்று சொல்லி எந்த இல்லமும் அதை நிறுத்த விடாதீர்கள்.

சறுக்கல் வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் குடித்துவிட்டு வந்தால், "எல்லாம் வீண்" என்று சொல்லிவிடாதீர்கள்; அந்த ஒரு சொல் ஒரு நாளை ஒரு மாதமாக்கிவிடும். அன்றிரவு வாக்குவாதம் வேண்டாம். மறுநாள் காலையில், வழிகாட்டியோடும் மருத்துவரோடும் பேச வைத்து, எந்த இடத்தில், யாரோடு, எந்த மணி நேரத்தில் அது தொடங்கியது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் கையில் பணம் வந்த நாளாக இருக்கும். கூலியை நேரடியாக வங்கிக் கணக்கில் போடச் சொல்வதற்கும், கணக்கின் அட்டையைத் தற்காலிகமாக மனைவியிடம் கொடுப்பதற்கும் தம்பியே முன்வந்தால் அது பெரிய உதவி. பறித்துக்கொண்டால் அதுவே அடுத்த சண்டைக்குக் காரணமாகும்.

அவர் மனைவியை இந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கணவர் மையத்தில் இருந்த ஆறு மாதம் அவர் எப்படிச் சமாளித்தார், கடன்காரர்களுக்கு என்ன பதில் சொன்னார், பள்ளிக் கட்டணம் எங்கிருந்து வந்தது? குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. நீங்களும் அவரும் சேர்ந்து போங்கள். அடி உதை இருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அவர் கைபேசியில் இன்றே பதிந்து கொடுங்கள். குடியை விடும்வரை பொறுத்துக்கொள் என்று அவரிடம் சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமையில்லை. குழந்தையிடமும் அப்பாவுக்கு நோய், அதற்குச் சிகிச்சை எடுக்கிறார், இதில் உன் தவறு எதுவும் இல்லை என்று அதன் வயதுக்கேற்ற சொற்களில் யாராவது சொல்லியாக வேண்டும்.

தம்பி எதற்குமே வரமாட்டேன் என்றால்? போதையில் இல்லாத ஒரு காலை நேரத்தில், அழாமல், கூட்டம் சேர்க்காமல், நீங்கள் ஒருவர் மட்டும் பேசுங்கள். அடைத்து வைக்கப்போவதில்லை என்ற உறுதியை முதலில் கொடுங்கள். இரண்டு முறை அடைபட்டவருக்கு அந்த பயம் இருக்கத்தான் செய்யும். குடியைப் பற்றி ஆரம்பிக்காமல் தூக்கம் வராதது, வயிற்றெரிச்சல், கை நடுக்கம் என்று அவருக்கே தொல்லை தருவதைச் சொல்லி, அதற்காக டாக்டரைப் பார்ப்போம் என்று அழையுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசியில், தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்கள் பேசி, பிறகு அவரிடம் போனைக் கொடுக்கலாம். மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவர் நம்பும் ஒரு கூட்டாளியையும் உடன் அழைத்துப்போங்கள். குடிக்காத கூட்டாளி ஒருவராவது அவருக்கு இருப்பார். யாரென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் அவர் மனைவியிடம் கேளுங்கள்.